சிமிழ் கசிந்த கதை

அன்புள்ள நண்பனுக்கு,

முழங்கால் வலி தணிந்து மறுபடியும் காலை நடையைத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியடைந்தேன். மகள் வீட்டுக்கு லண்டன் வந்த இடத்தில், அருங்காட்சியகம் ஒன்றில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஈயக் குப்பி ஒன்றைப் பார்த்தேன். நாற்பது ஆண்டுகள் மருந்துக்கடை நடத்திய உனக்கு அதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

1170 டிசம்பர் 29 அன்று இங்கிலாந்தின் கான்டர்பரி பேராலயத்துக்குள்ளேயே பேராயர் தாமஸ் பெக்கெட் வெட்டிக் கொல்லப்பட்டார். சிந்திய குருதியைத் துறவிகள் சேகரித்து, அதில் சிறிதளவை நீரில் கலந்து, நோயுற்று வந்தவர்களுக்குக் குடிக்கவும் பூசவும் கொடுத்தார்கள். 1173இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். வர இயலாமல் வீட்டில் கிடந்தவர்களுக்காகவும் யாத்ரிகர்கள் அந்த நீரை எடுத்துச் சென்றார்கள். முதலில் கிடைத்தவை மரச்சிமிழ்கள்; அவை வெடித்துக் கசிந்தன. அற்புதங்களைத் தொகுத்தெழுதிய பெனடிக்ட் என்னும் துறவி, சிமிழ் வெடித்ததையும் அற்புதங்களோடு சேர்த்தே பதிந்திருக்கிறார். எனக்கோ, பல நாள் நடந்து ஊர் திரும்பி, படுத்திருக்கும் பிள்ளையின் தலைமாட்டில் சிமிழைத் திறந்து, உள்ளே வெறும் ஈரத்தை மட்டும் கண்ட தாய்தான் நினைவில் நிற்கிறாள்.

அதன் பிறகுதான் வெள்ளீயமும் ஈயமும் கலந்து வார்த்த குப்பிகள் வந்தன. கயிறு கோத்துக் கழுத்தில் தொங்கவிட இருபுறமும் காதுகள் உண்டு. உலோகம் மென்மையானதால், நீரை ஊற்றியபின் வாயை நசுக்கியே மூடிவிடலாம். சிலவற்றில், நல்லவர்கள் நோயுற்றால் அவர்களுக்குச் சிறந்த மருத்துவர் தாமஸே என்று இலத்தீனில் பொறித்திருக்கிறார்கள். எகிப்தில் அலெக்சாந்திரியாவுக்கு அருகிலுள்ள அபு மேனாவில், இதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, இரண்டு ஒட்டகங்களுக்கு நடுவே புனித மேனாஸ் நிற்கும் உருவம் பதித்த சுடுமண் குடுவைகளை யாத்ரிகர்கள் வாங்கிச் சென்றிருக்கிறார்கள்.

இவற்றை நினைவுப் பொருள்கள் என்று எழுதி வைப்பதை என் மனம் ஏற்கவில்லை. நினைவுப் பொருள் போய்வந்தவருக்கானது. இந்தக் குப்பியோ போக முடியாதவருக்காக வாங்கப்பட்டது. பெக்கெட்டின் கல்லறைத் திருத்தலத்தை இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி 1538இல் இடித்தொழித்தார், ஆனால் குப்பிகள் தேம்ஸ் ஆற்றுச் சேற்றிலிருந்து இன்றும் கிடைக்கின்றன.

நான் பார்த்த குப்பியின் வாய் நசுக்கியபடியே இருக்கிறது. உன் கடையில் மருந்தைக் கட்டி வாங்கிக்கொண்டு, கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடியவர்களை நீ அறிவாய். இந்த மருந்து ஏன் திறக்கப்படவில்லை என்று உனக்குத் தோன்றுவதை எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்