கோவளத்துக் கடலும் நாங்கள் மூவரும்

என் அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று படித்த பிறகுதான் நிம்மதியாக இருந்தது. வலிக்கிறது என்று காலை நீட்டி மடக்கும் பயிற்சியை விட்டுவிடப் பார்ப்பார்கள். நீ பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வை. முதல் சில மாதங்கள்தான் முக்கியம் என்று இங்கே எனக்குத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொண்டே இருப்பார். மகனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்ததில் எனக்கும் ரொம்பச் சந்தோஷம்.

"இந்த வயசில் உனக்கு எதுக்குட்டி இந்த வேலை?" என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

முடித்துவிட்டோம். மாடி வீட்டு அக்கா, அவருடைய ஸ்கூலில் கணக்கு டீச்சராக இருக்கும் தோழி, நான் என மூன்று பேரும் போன ஞாயிற்றுக்கிழமை சென்னைப் பக்கத்துக் கோவளம் கடற்கரையில் எங்கள் முதல் டிரையத்லானை, அதாவது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் போட்டியை, முடித்தோம். நீ பயந்த மாதிரி அது அயர்ன்மேன் இல்லை. அதில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்கு மேல் ஒரு முழு மாரத்தான். நாங்கள் செய்தது ஸ்பிரிண்ட் என்கிற சிறிய தூரம். 750 மீட்டர் நீந்தி, 20 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, 5 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஒலிம்பிக்கில் இதைப்போல இரண்டு மடங்கு.

மூன்றிலும் எனக்கு மலைப்பாக இருந்தது நீச்சல்தான். உனக்குத் தெரியாததா? தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்தோம். பையன்கள் பாலத்திலிருந்து குதிப்பான்கள், கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டிப் பழகுவான்கள். நாம் படித்துறையில் கடைசிப் படியைத் தாண்டிப் போனதில்லை. பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு, சொம்பால் மொண்டு ஊற்றிக் குளித்துவிட்டு வருவோம். ஆறு முழுக்க அவர்களுக்கு, படி மட்டும் நமக்கு. அதை நாம் ஒருநாளும் கேள்வி கேட்கவில்லை. இப்போது நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அதனால் அக்கா ஒருநாள் மாநகராட்சி நீச்சல் குளத்தில் பெண்களுக்குத் தனி நேரம் இருக்கிறது, வா என்று கூப்பிட்டபோது, உடனே கிளம்பிவிட்டேன். அக்காவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. முழுக்கை வைத்த நீச்சல் உடுப்பில் எங்களுக்கு முன்னால் தண்ணீரில் இறங்கியவர் அவர்தான். பயிற்சி கொடுத்த பெண், முதலில் கையைக் காலை அடிக்கவே விடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, மூச்சை மெதுவாக விடச் சொன்னார். தண்ணீருக்குள் இருக்கும்போதே மூச்சை விட்டுவிட்டால்தான் தலையைத் திருப்பும் அந்த ஒரு நொடியில் புதுக்காற்றை இழுக்க இடம் இருக்கும். மூச்சை அடக்கி வைத்திருப்பவர்களுக்குத்தான் திணறல் வரும். குமிழி விடுவதிலேயே பல வாரம் போயிற்று. ஒருநாள் காலையில் குளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நிற்காமல் போய்ச் சுவரைத் தொட்டேன். அன்று உன்னைத்தான் நினைத்தேன்.

கடல் வேறு. அடியில் நீலக்கோடு கிடையாது, சுவர் கிடையாது. கலங்கலில் நம் கையே நமக்குத் தெரியாது. கோவளத்தில் ஒரு மீனவ அண்ணன் எங்களைக் கடலுக்குப் பழக்கினார். மணலில் நின்று கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்ப்பார். "வாடை அடிக்குது, நீரோட்டம் தெக்கே இழுக்குது. மிதவைக்கு நேரா எறங்காதீங்க, வடக்கே தள்ளிப் போய் எறங்குங்க, அதுவே கொண்டுபோய்ச் சேர்க்கும்" என்பார். அப்படித்தான் சேர்த்தது. உடைகிற அலையை நெஞ்சில் வாங்கக்கூடாது, அது வந்து விழுமுன் அடியில் முங்கி அந்தப் பக்கம் எழ வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். பத்து வீச்சுக்கு ஒருமுறை முதலை மாதிரி கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேல் தூக்கி மிதவையைப் பார்க்கப் பழகினோம். பந்தயத்தன்று படகில் காவலுக்கு நின்றவர்களில் அவரும் இருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் பயத்தில் பாதி போய்விட்டது.

1974-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில், மிஷன் பே என்ற இடத்தில் 46 பேர் கலந்துகொண்டு இந்தப் போட்டி முதலில் நடந்தபோது ஓட்டம்தான் முதலில் வந்ததாம், நீச்சல் கடைசியில். இப்போது பெரும்பாலும் நீச்சலைத்தான் முதலில் வைக்கிறார்கள். களைத்த உடம்போடு தண்ணீரில் இறங்குவது ஆபத்து. சாலையில் முடியாவிட்டால் ஓரமாக உட்காரலாம், கடலில் எங்கே உட்காருவது?

கரையேறி, சைக்கிள் நிறுத்தியிருந்த இடத்துக்கு ஓடினோம். அங்கே ஒரு கண்டிப்பான விதி. ஹெல்மெட்டைப் போட்டு வாரைப் பூட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொடலாம். உப்புத் தண்ணீரில் ஊறிய விரல் அந்தச் சின்னக் கொக்கியைப் பூட்டப் படுகிற பாடு இருக்கிறதே! டீச்சர் எங்களை வீட்டுக்கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு பூட்டிப் பழகச் சொல்லியிருந்தார். அது நன்றாகக் கைகொடுத்தது.

சைக்கிளைப் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. ஈ.சி.ஆரில் விடியுமுன்னே பின்னால் சிவப்பு விளக்கு மினுங்க முட்டுக்காடு பாலம் வரை போய்வந்து பழகிய கால்கள். தெற்கே போகும்போது காற்று முதுகில் இருந்தது. திரும்பும்போது எதிர்க்காற்று. குனிந்து மிதித்தோம்.

இறங்கி ஓட ஆரம்பித்ததும் கால் நம்முடையதாகவே இல்லை. உட்கார்ந்த வாக்கில் ஒரே வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்த தொடை, திடீரென்று உடம்பு முழுவதையும் தூக்கிக்கொண்டு முன்னால் எட்டு வைக்க மறுக்கிறது. கொஞ்ச தூரம் குட்டிக் குட்டி எட்டாக வைத்தால் தானாக வழிக்கு வரும். எங்களுக்கு வந்தது. வெயில் ஏறிவிட்டது. கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருந்தது, உடம்பு குளிரவில்லை. பாதித் தூரத்தில் அக்காவுக்குக் கெண்டைக்காலில் குரக்கு பிடித்துக்கொண்டது. நாங்கள் நின்றோம். "ரெண்டு பேரும் போங்க, நான் வருவேன்" என்று சொன்னார். அந்தக் குரலை எனக்குத் தெரியும். கோபம் இல்லை, வீம்பும் இல்லை, நிஜமாகவே வருவார். போனோம்.

மூன்று பேரும் கைகோத்துக் கோட்டைத் தாண்ட வேண்டும் என்று முதலில் எனக்கு ஆசை இருந்தது. டீச்சர்தான் 2019-ல் டோக்கியோவில் ஒலிம்பிக்குக்கு முன்னால் நடந்த சோதனைப் போட்டியைப் பற்றிச் சொன்னார். இங்கிலாந்துக்காரப் பெண்கள் இரண்டு பேர் முதலாவதாகக் கைகோத்து வந்து கோட்டைத் தாண்டினார்கள். வேண்டுமென்றே சமமாக முடிக்கக்கூடாது என்று விதி. இரண்டு பேரையும் நீக்கிவிட்டு, பின்னால் வந்த ஃப்ளோரா டஃபிக்கு முதலிடம் கொடுத்தார்கள். அதற்கு முன்னால், 2016-ல் மெக்சிகோவின் கோசுமெலில், வெயிலில் தள்ளாடிய தம்பி ஜானி பிரவுன்லியை அண்ணன் அலிஸ்டர் தாங்கிக்கொண்டே ஓடிவந்து, தனக்கு முன்னால் கோட்டைத் தாண்டும்படி தள்ளிவிட்டார். தம்பிக்கு இரண்டாமிடம், அண்ணனுக்கு மூன்றாமிடம். அந்த வீடியோவை நாங்கள் மூவரும் சேர்ந்து பார்த்தோம், அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கள் ஊர்ப் போட்டியில் கைகோத்தால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் அவரவர் காலில் அவரவர் முடிப்பது, முடித்தவர் நின்று காத்திருப்பது என்று பேசி வைத்துக்கொண்டோம். அது சரியான முடிவு என்றே இப்போதும் நினைக்கிறேன்.

டீச்சர் முதலில், பிறகு நான். இரண்டு பேரும் முடிவுக்கோட்டு வளைவுக்குப் பக்கத்தில் நின்றோம். கூட்டம் கலைய ஆரம்பித்திருந்தது. காலை இழுத்து இழுத்து அக்கா வந்தார், கடைசிக் கொஞ்ச தூரம் ஓடியே வந்தார். கழுத்தில் மெடலை மாட்டியதும் அதைப் பார்க்கக்கூட இல்லை, எங்களைத் தேடினார்.

நீ கேட்ட "எதுக்கு" என்பதற்கு என் பதில் இவர்கள்தான். கல்யாணத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த பழக்கமெல்லாம் அவர் ஆபீஸ், பிள்ளைகள் ஸ்கூல், சொந்தக்காரர்கள் வழியாக வந்தவை. நானாகத் தேடிக்கொண்டவர்கள், உன்னை விட்டால், இவர்கள் இரண்டு பேரும்தான். விடிகாலை ஐந்து மணிக்கு, யாருக்கும் சமைக்காமல், யாருடைய அம்மாவாகவும் இல்லாமல் ஒருவரை ஒருவர் பார்த்தோம். டீச்சர் எப்போது களைத்திருக்கிறார் என்று அவர் மூச்சை வைத்தே சொல்வேன். இப்படி ஒரு நெருக்கம் இந்த வயதில் வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வருகிறோம். அதற்குள் நீ ஒரு வேலை செய். பாளையங்கோட்டை அண்ணா ஸ்டேடியம் நீச்சல் குளத்தில் பெண்களுக்கு எந்த நேரம், கட்டணம் எவ்வளவு என்று விசாரித்து வை. உனக்கும் சேர்த்து ஒரு நீச்சல் கண்ணாடியும் தொப்பியும் வாங்கி வருகிறேன். முழுக்கை உடுப்பு வேண்டுமானால் உன் அளவை எழுது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

பதில் போடு.

அன்புடன்,
உன் அம்பாசமுத்திரத்துச் சிநேகிதி