ஓடைக்கரைக் கல்

அன்புள்ள அத்தைக்கு,

போன வாரம் நீலகிரி கோத்தகிரியிலிருந்து இங்கே இலங்கைக்குப் பேசினீர்களே, போனை வைக்கப்போகிற நேரத்தில் கேட்டீர்கள்: "ஓடைக்கரைக் கல்லு இன்னும் இருக்காடா?" நம் தோட்டத்துக்கும் பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்கும் நடுவே நிற்கிற எல்லைக் கல். எனக்குப் பதில் வரவில்லை. மறுநாள் கவ்வாத்துக் கத்தியோடு போய்ப் பார்த்தேன். மானாப்புல் ஆளுயரம் நின்றது. வெட்டி ஒதுக்கினால், இருக்கிறது. கொஞ்சம் கிராமத்துப் பக்கம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தபாலில் போடாமல் இங்கே எழுதுகிறேன். எங்கள் லயத்துக்கு, இந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, இன்னும் தனி விலாசம் கிடையாது. வருகிற கடிதமெல்லாம் தோட்ட ஆபீசில் ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் எழுந்து வரும். இதை உங்கள் பேத்தி உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள்.

அல்துமுல்லையைத் தாண்டி பெலிகுல் ஓயாப் பக்கம் இறங்கினால் ஊவா மாகாணம் முடிந்து சப்ரகமுவ மாகாணம் தொடங்கும். அந்த எல்லையை பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்துவிடலாம். நம் ஓடை அப்படியில்லை. இந்தப் பக்கம் தேயிலையும் லயமும். அந்தப் பக்கம் வயல், கித்துள் பனை, சிங்களக் கிராமம். கல்லை நட்டது யாரென்று சின்ன வயதில் நான் யோசித்ததே இல்லை. வெள்ளைக்காரன் 1840இல் ஒரு சட்டம் போட்டான். கிராமத்தார் சேனை வெட்டிய, அதாவது வெட்டி எரித்து மாற்றி மாற்றிப் பயிர்செய்த, காடெல்லாம், உரிமைக்கு ஆதாரம் காட்டாவிட்டால், பிரிட்டிஷ் முடியரசுக்குச் சொந்தம். அதைத்தான் கோப்பித் துரைமார் வாங்கினார்கள். 1869இல் வந்த இலைநோய் கோப்பியை அழிக்க, அதே மண்ணில் தேயிலை ஏறியது. மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைவரை காட்டுவழி நடந்து வந்த நம் ஆட்களுக்கு இது யார் காணி என்று யார் சொன்னார்கள்? ஆனாலும் காணி போன கோபம் நம் மேல்தான் விழுந்தது.

1973, 74 பஞ்சத்தில் நீங்கள் அந்தக் கல்லில் உட்கார்ந்து தேயிலைத்தூள் கொடுத்துப் பலாக்காய் வாங்கிய கதையை அப்பா நூறு தடவை சொல்லியிருப்பார். (சிங்களத்திலும் அக்கா என்றால் அக்காதான், அதனால் பேரம் சுலபமாம்.) இதை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். 1983இல் தமிழர் மேல் நடந்த கலவரத்தில் தீப்பந்தம் வந்ததும் அதே ஓடையைத் தாண்டித்தான். அன்றிரவு எங்களை மாட்டுக்கொட்டகையில் ஒளித்துவைத்ததும் பலாக்காய் வீட்டுக்காரர்கள்தான்.

அதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். நாடற்ற தோட்டத் தமிழரை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்டுக்கொண்ட 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதி என்று பிரித்தார்கள். பட்டியில் ஆடு பிரிக்கிற மாதிரி. நம் வீட்டில் உங்களுக்கு அந்தக் கரை, அப்பாவுக்கு இந்தக் கரை. தலைமன்னார்க் கோச்சி, அதாவது ரயில், கிளம்பும்போது நீங்கள் ஜன்னல் கம்பியை விடவேயில்லை என்று சொல்வார். நாடற்றவராகவே கிடந்த அவர் கையில் பிரஜாவுரிமை வர 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை ஆனது. அந்தக் காகிதத்தை மடிக்கக்கூட விடமாட்டார்.

சரி, கல்லுக்கு வருகிறேன். புல் வெட்டும் சத்தம் கேட்டு பலாக்காய் வீட்டுக் கிழவி ஓடைக்கு இறங்கி வந்தார். கண் சரியாகத் தெரியவில்லை. நான் யார் மகன் என்று சொன்னதும், "நங்கி கொஹொமத?" என்றார். தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று. கோத்தகிரி எங்கே இருக்கிறது என்று விளக்க என் சிங்களம் போதவில்லை. போகும்போது ஒரு பலாக்காய் கொடுத்துவிட்டார்.

அன்றைக்கே சமைத்துவிட்டோம். பதிலுக்குத் தூள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு கடையில்தான் வாங்க வேண்டும்.

உங்கள் மருமகன்