மாவு மில் அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும்

அப்பா நேற்று மாலை வீட்டுக்கு வந்துவிட்டார். வலது காலில் ஒரு விரல் குறைவு. மற்றபடி அதே ஆள், அதே கோபம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் வேன் ஓட்டியவருக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தார். திண்ணையில் உட்கார்ந்ததும் முதலில் கேட்டது மிளகுக் கொடியைப் பற்றி. அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

நடந்தது என்ன என்று மலைக்கே தெரியும். இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அன்று துணை சுகாதார நிலையத்து வாசலில் நின்றவர்கள். எது குத்தியது, எத்தனை நாள் மறைத்தார், யார் முதலில் பார்த்தது என்ற கதையை நான் திரும்ப எழுதப் போவதில்லை. கொஞ்ச நாளைக்கு யாரும் அப்பாவிடம் அதைக் கேட்காமல் இருந்தால் நல்லது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. ஆனால் இரண்டு வாரமாக ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து யோசித்தபோதெல்லாம் என் கண்முன் வந்து நின்றது ஒரு கைதான். மணிக்கட்டு வரை கேழ்வரகு மாவு படிந்த கை. அதில் ஒரு பழைய டார்ச்.

ஆடிப்பெருக்குக்கு முந்தைய நாள் மாவு மில்லில் எப்படிக் கூட்டம் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வருஷத்திலேயே அண்ணனுக்கு நல்ல வரும்படி உள்ள நாள் அதுவாகத்தான் இருக்கும். வாசல் வரை டின்னும் தூக்கும் வரிசையாக இருந்தன. எங்கள் அம்மாவின் டின்னும் அதில் ஒன்று. பக்கத்துக் கட்டடம்தான் துணை சுகாதார நிலையம். அங்கே சிஸ்டர், போன் திரையில் டாக்டரிடம் பேசும் அரசுச் சேவையான இ-சஞ்சீவனியில் ஒரு டாக்டரைப் பிடித்துவிட்டார். திரையில் டாக்டரம்மா பேசுவது தெரிகிறது, ஒரு சொல்லும் விளங்கவில்லை. மில் இரைச்சல் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. நான் ஓடிப் போய்க் கேட்கலாமா என்று தயங்கினேன். அத்தனை பேர் காத்திருக்கும்போது எப்படிக் கேட்பது? தயங்கி முடிப்பதற்குள் சத்தம் அடங்கிவிட்டது. பெல்ட் கடைசியாக ஒருமுறை படபடவென்று அடித்துவிட்டு நின்றது. யாரும் சொல்லி அண்ணன் நிறுத்தவில்லை. அப்பாவை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

அதோடு விட்டிருந்தாலும் போதும். டாக்டரம்மாவுக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. "கால் எனக்குக் கருப்பாகத் தெரிகிறது. உண்மையிலேயே கருப்பா, இல்லை நிழலா?" என்று கேட்டார். அப்பா உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் பின்னால் ஜன்னல். வெளியே மூடுபனியின் வெளிச்சம் கண்ணைக் கூச வைத்தது. அதற்கு எதிரே பிடித்த போனில் எல்லாமே கருப்புதான். பெஞ்சை நகர்த்த இடமில்லை. எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தபோது அண்ணன் உள்ளே வந்தார். தோளில் ஒரு காலிச் சாக்கு. ஜன்னல் கம்பியில் அதைச் செருகி மறைத்தார். மாவு உதிர்ந்து அப்பா மூன்று முறை தும்மினார். பிறகு தரையில் குந்தி உட்கார்ந்து டார்ச்சை அடித்தார்.

"மேலிருந்து வேண்டாம், பக்கவாட்டில் பிடியுங்கள்" என்றார் டாக்டரம்மா. பிடித்தார். "கொஞ்சம் கீழே." இறக்கினார். அப்போதுதான் விரலின் கருப்பு எங்கே முடிகிறது, சிவப்பு எங்கே தொடங்குகிறது என்பது கோடு போட்டதுபோலத் தெரிந்தது. பக்கத்து விரலின் நகத்தை அழுத்திவிட்டு விடச் சொன்னார். சிஸ்டர் அழுத்தி விட்டு, வாய்விட்டு எண்ணினார்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நிறம் திரும்பக் காணோம். பாதத்தின் மேல்பக்கம் நாடி கிடைக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொன்னார். சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு விரல்களை வைத்திருந்தார். காத்திருந்த இத்தனை பேரில் ஒருவரும் இருமவில்லை. "மெலிசாக இருக்கிறது டாக்டர்."

அப்பா தன் பங்குக்கு, "வலியே இல்லையம்மா" என்றார். "சர்க்கரை உள்ளவருக்கு வலி இல்லாததுதான் ஐயா என் கவலை" என்று பதில் வந்தது. இன்றே, இப்போதே மலையிலிருந்து இறக்குங்கள் என்றார். நாளைக்கு ஆடிப்பெருக்கு என்று அப்பா இழுத்தார். "கால் இருந்தால் அடுத்த ஆடிக்கும் போகலாம்" என்றார் டாக்டரம்மா. அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. எந்த ஊரில் இருந்து பேசினார் என்றுகூடத் தெரியாது. அம்மா, இது உங்கள் கண்ணில் பட்டால் எங்கள் குடும்பத்தின் கும்பிடு.

மொத்தம் இருபது இருபத்தைந்து நிமிடம் இருக்கும். அண்ணன் கையில் டார்ச் ஆடவில்லை. கால் மாற்றி உட்காரவும் இல்லை. ஆம்புலன்ஸ் வந்ததும் எழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "மில் எங்கே ஓடிவிடப் போகிறது, நீ அப்பாவைப் பார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வண்டி கிளம்பும்போது பெல்ட் மறுபடி சுற்றத் தொடங்கிய சத்தம் கேட்டது.

நான் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் கணக்கு எழுதுகிறவன். மருத்துவம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வராந்தாவில் தூக்கம் வராத இரவுகளில் இந்தத் தொலைமருத்துவத்தைப் பற்றிப் போனில் தேடிப் படித்தேன். ஆந்திரத்தின் அரகொண்டா கிராமத்தில் 2000-ஆம் ஆண்டிலேயே தொடங்கியிருக்கிறார்கள். அடுத்த ஆண்டில் இஸ்ரோ செயற்கைக்கோள் வழியாக மருத்துவமனைகளை இணைக்க ஆரம்பித்திருக்கிறது. கொரோனா வந்த 2020 மார்ச்சில் இதற்கென்று முறையான விதிகள் வந்தன. ஏப்ரலில் வீட்டிலிருந்தபடியே டாக்டரிடம் பேசும் இ-சஞ்சீவனி வந்தது. திரையில் பார்த்தது போதாது என்று தோன்றினால் நோயாளியை நேரில் போகச் சொல்லலாம் என்று அந்த விதிகளில் இருக்கிறது. எங்களுக்கு நடந்தது அதுதான். அன்று திரை வழியாக ஒரு மாத்திரைகூட அப்பாவைக் குணப்படுத்திவிடவில்லை. "இன்றே இறக்கு" என்ற சொல் மட்டும் வந்தது. அந்தச் சொல் வராமல் இருந்திருந்தால், எங்கள் வீட்டு வழக்கப்படி பண்டிகை முடியட்டும், வெள்ளிக்கிழமை போகட்டும் என்று பச்சிலை கட்டிக்கொண்டு இருந்திருப்போம். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று அறுவை சிகிச்சை செய்தவர் பிறகு சொன்னார்.

ஆனால் நான் படித்த எதிலும் ஜன்னலைப் பற்றியோ சாக்கைப் பற்றியோ ஒரு வரி இல்லை. அந்தப் பக்கம் ஒரு டாக்டர் இருந்தால் ஆயிற்று என்று எழுதியவர்கள் நினைத்திருக்கலாம்.

மற்றவர்களை இப்படி ஒரே மூச்சில் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். டாக்டருக்குக் கையாக இருந்த சிஸ்டர். மாதாமாதம் வீட்டுக்கே வந்து சர்க்கரை பார்த்து, பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லிச் சொல்லி அப்பாவிடம் திட்டு வாங்கிய மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர் அக்கா (நீங்கள் சொன்னது சரி, அப்பா ஒப்புக்கொள்ள மாட்டார், நான் ஒப்புக்கொள்கிறேன்). பனியில் பத்தடி தூரம் தெரியாத சாலையில் இறங்கிய 108 ஓட்டுநர். ரத்தம் கொடுத்த பட்டறைத் தோழர்கள். இரண்டு வாரம் எங்கள் மாட்டைக் கறந்தவர்கள், கதவுக்கு முன்னால் பலாப்பழம் வைத்துவிட்டுப் பேர் சொல்லாமல் போனவர்கள். மாவுக்காக வரிசையில் நின்று, மில் நின்றபோது ஒருவரும் முணுமுணுக்காத அத்தனை பேருக்கும்.

சிஸ்டரிடம் கேட்டுவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரும்போது அந்த ஜன்னலுக்குத் தடித்த திரைத்துணி ஒன்றும், கழுத்தை எந்தப் பக்கமும் வளைக்கக்கூடிய ஸ்டாண்டு விளக்கு ஒன்றும் கொண்டுவந்து மாட்டப் போகிறேன். இனி ஒவ்வொரு ஞாயிறும் அப்பாவின் பாதத்தை நானே பார்ப்பேன், திட்டினாலும் பார்ப்பேன்.

அண்ணனுக்கு இன்னொரு செய்தி. அன்றைய அவசரத்தில் அம்மாவின் டின் மில்லிலேயே நின்றுவிட்டது. அதை அரைத்து, மூடி போட்டு, எலி தொடாமல் மேல் பலகையில் வைத்திருக்கிறீர்கள் என்று தங்கை சொன்னாள். அம்மா நாளை காலை வாங்க வருவார். அரைத்த கூலியைக் கட்டாயம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லச் சொன்னார். இல்லாவிட்டால் டின்னை எடுக்க மாட்டாராம்.