ஆசிரியர்களுக்கான சனிக்கிழமைப் பயிற்சி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமைகளில் நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடக்கிறது. பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கும், பார்வை, செவி இரண்டுமே குறைந்த பிள்ளைகளுக்கும் எப்படிப் பாடம் நடத்துவது என்பதற்கான பயிற்சி. வழக்கமான வகுப்புகள் எதுவும் ரத்தாகாது.

"அதற்கென்று சிறப்பாசிரியர் இருக்கிறாரே, மற்றவர்களுக்கு எதற்கு?" என்று சிலர் கேட்டீர்கள். பிள்ளை அவரோடு இருப்பது கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் மற்ற ஆசிரியர்களிடம். கணக்கு ஆசிரியர் கரும்பலகையைக் காட்டி "இதையும் அதையும் கூட்டினால் இது வரும்" என்றால், பார்க்க முடியாத பிள்ளைக்கு என்ன புரியும்? எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவது சின்ன விஷயம், ஆனால் பழகினால்தான் வரும்.

அதிக நேரம் ஒதுக்கியிருப்பது தொடுதலுக்கு. பிள்ளையின் கையைப் பிடித்துப் பொருளின் மேல் வைப்பதுதான் எல்லோருக்கும் சட்டென்று வரும். பல பிள்ளைகள் உடனே கையை இழுத்துக்கொள்வார்கள். அதற்குப் பதிலாக ஆசிரியர் தன் கையை அடியில் கொடுக்க வேண்டும். அவர் களிமண்ணை உருட்டும்போது, மேலே தளர்வாக இருக்கும் பிள்ளையின் கைக்கு அந்த அசைவு தெரியும், பிடிக்காவிட்டால் எடுத்துக்கொள்ளலாம். அப்புறம், பொறுமை. பார்வையும் செவியும் குறைந்த பிள்ளையின் பதில் தாமதமாக வரும், சொல்லாகவும் வராமல் போகலாம். தோள் லேசாகத் திரும்புவதும் விரல் அசைவதும் பதில்தான். அதற்குள் அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டால் அது கைநழுவிப் போகும்.

பிள்ளைகள் விரலால் தடவிப் படிக்கும், ஆறு மேடான புள்ளிகளில் அமையும் பிரெய்ல் எழுத்தையும் ஆசிரியர்கள் கண்ணால் பார்த்துப் படிக்கும் அளவுக்குக் கற்பார்கள். வீட்டுப்பாடம் திருத்த அது போதும். கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்க்கும் பயிற்சி வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். அதில் ஆசிரியருக்குப் பயம்தான் பிடிபடும். வெள்ளைக் கோலோடு வளர்ந்த பிள்ளை எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்பது பிடிபடாது.

இனி ஒவ்வோர் ஆசிரியரும், தான் யார் என்று பிள்ளைக்குத் தெரிவிக்க ஏதாவது ஓர் அடையாளம் வைத்துக்கொள்வார்: ஒருவருக்கு வளையல், இன்னொருவருக்குக் கடிகாரப் பட்டை. பிள்ளை அதைத் தொட்ட பிறகுதான் பாடம் தொடங்கும்.

உங்களிடம் ஓர் உதவி. சாப்பாடு, குளியல், தூக்கம் என்று வீட்டில் உங்கள் பிள்ளைக்கு எப்படித் தெரிவிக்கிறீர்கள்? கரண்டியைக் கையில் கொடுப்பீர்களா, தோளைத் தட்டுவீர்களா? வீட்டில் ஒன்று, பள்ளியில் வேறொன்று என்றிருந்தால் பிள்ளைதான் குழம்பும். அப்படியே ஒரு தாளில் எழுதி, வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். முதல் நாள் பயிற்சிக்கு அந்தத் தாள்கள் தேவைப்படும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்