உயிர்வடிவ ஆய்வுக்கு விண்ணப்பிப்போர் கவனத்துக்கு

நண்பர்களே, கரு எப்படி உருவம் பெறுகிறது என்ற ஆய்வில் இயற்பியல் படித்தவர்களுக்கும் நிறைய இடமுண்டு, தயங்காமல் விண்ணப்பியுங்கள். அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்தில் 1893 முதல் நடக்கும் கருவியல் கோடைப் பயிற்சியையும் பாருங்கள்.

நேர்காணலில் பலர் சறுக்கும் இடம் லேசர் வெட்டு, அதாவது திசுவில் உள்ள இழுவிசையை அறிய லேசரால் வெட்டிப் பார்க்கும் சோதனை. செல் விளிம்பை வெட்டியதும் இரு முனைகளும் விலகும். அந்தத் தொடக்க வேகம் இழுவிசையை மட்டும் காட்டாது. இழுவிசைக்கும் உராய்வுக்கும் உள்ள விகிதத்தைத்தான் காட்டும். உராய்வு மாறினால் வேகமும் மாறும். இதை அவசியம் சொல்லுங்கள்.

வரிக்குதிரை மீன் கருவைப் படமெடுப்பவர்கள் 28.5 டிகிரி செல்சியஸைக் காக்க வேண்டும். குளிர்ந்தால் வளர்ச்சி பின்தங்கும். கருவை அசையாமல் பிடித்து வைக்கும் அகரோஸ் கூழ் இறுகியதும் வாலைச் சுற்றியுள்ள கூழைக் கீறி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வால் நீள வழியின்றி வளைந்துவிடும்.