கிலோமீட்டரை நம்பாதே

அன்புள்ள செல்விக்கு,

நீ அனுப்பிய இத்தாலிப் பயணப் பட்டியலைப் பார்த்தேன். நாப்போலி, பொம்பெய், காப்ரி, போஸித்தானோ, அல்பெரோபெல்லோ, மத்தேரா, லெச்சே. எட்டு நாளில் ஏழு ஊர், ஏழு தடவை பெட்டி கட்டணும். மத்தேராவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடு. கோபப்படாதே, பொம்பெய் எங்கும் ஓடிவிடாது. மத்தேரா இருக்கும் பசிலிக்காத்தா மாநிலத்தையும், அதற்குத் தெற்கே கலாப்ரியாவின் விளிம்பையும் சுற்றவே எட்டு நாள் சரியாக இருக்கும். அக்டோபரில் அங்கே கூட்டமும் இருக்காது.

முதலில் ஒரு கணக்கு. அந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாம் மலை உச்சியில் உட்கார்ந்திருக்கும். பள்ளத்தாக்கில் மலேரியாவும் கொள்ளையர் பயமும் இருந்த காலத்தில் கட்டினவை. அதனால் கண்ணுக்கு எதிரே தெரிகிற ஊருக்கும் சாலை கீழே இறங்கி, ஆற்றைக் கடந்து, மறுபடி வளைந்து வளைந்து ஏறும். மேப்பில் நாற்பது கிலோமீட்டர் என்றால் ஒரு மணி நேரம் என்று வை. மேப் காட்டும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள். ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும், மூன்றாவதைச் சேர்த்தால் மூன்றுமே கெடும்.

பாரி விமான நிலையத்தில் கார் எடுங்கள். மத்தேராவில் இரண்டு இரவு, காஸ்தெல்மெத்ஸானோவில் இரண்டு, சிவிதாவில் இரண்டு, கடைசி இரவு பாரி. எடுத்த இடத்திலேயே காரை விட்டால் ஒன்-வே கட்டணம் விழாது.

மாப்பிள்ளைதானே ஓட்டப் போகிறார். அவருடைய இந்திய லைசென்ஸ் மட்டும் போதாது, ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கணும். ஒரு வருஷம் செல்லும். இரண்டையும் கையில் வைத்திருக்கணும், ஜெராக்ஸ் எடுபடாது. கிரெடிட் கார்டு ஓட்டுபவர் பெயரிலேயே இருக்கணும். ஃபாரெக்ஸ் கார்டையும் டெபிட் கார்டையும் கவுன்டரில் பெரும்பாலும் டெபாசிட்டுக்கு ஏற்க மாட்டார்கள், இறங்கின இடத்திலேயே பயணம் நின்றுவிடும். ஆட்டோமேடிக் வண்டி வேண்டுமானால் இப்போதே புக் செய், அங்கே இருப்பதில் பாதிக்கு மேல் கியர் வண்டிதான். சின்ன வண்டியாக எடுங்கள், ஊருக்குள் சந்துகள் அப்படி. சாவி வாங்கியதும் நான்கு பக்கமும் சக்கரங்களையும் படம் எடுத்து வையுங்கள். சாதாரண இன்ஷூரன்ஸில் டயரும் கண்ணாடியும் பெரும்பாலும் வராது, அந்தச் சாலைகளில் குழிக்கும் குறைவில்லை.

பெரிய தண்டம் விழுவது 'ஜெட்-டி-எல்' என்கிற தடைப் பகுதியில்தான். பழைய ஊர்களின் நடுப்பகுதிக்கு வெளிவண்டி போகக்கூடாது. சிவப்பு வட்டம் போட்ட பலகை இருக்கும், மேலே கேமரா இருக்கும், நிறுத்திக் கேட்க ஆள் இருக்காது. மாதக்கணக்கில் கழித்து அபராதம் வீடு தேடி வரும். உங்கள் விலாசத்தைப் போலீசுக்குக் கொடுத்ததற்கு என்று கார் கம்பெனி தனியாக ஒரு தொகை பிடித்திருக்கும். விடுதிக்காரர் வண்டி எண்ணைப் பதிவு செய்து தர முடியும் என்றால் போவதற்கு முன்பே எண்ணை அனுப்பு. நிறுத்தும்போது தரையைப் பார்: வெள்ளைக் கோடு இலவசம், நீலம் காசு, மஞ்சள் உங்களுக்கு இல்லை.

பெட்ரோல் பங்க்கில் 'செல்ஃப்' என்ற பக்கம் மலிவு, 'செர்வீதோ' என்றால் ஆள் வந்து போடுவார், லிட்டருக்கு விலை கூடும். மதியமும் ஞாயிறும் மெஷின் மட்டும்தான். அது கார்டில் பெரிய தொகையைப் பிடித்து வைத்துப் பிறகுதான் விடுவிக்கும். நோட்டுப் போட்டால் மீதி தராது. மலை ஏறும் முன்னே, கீழே பெரிய சாலையிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள். டீசலுக்கு அங்கே 'காசோலியோ' என்று பெயர். காஸ் என்று ஒலிப்பதைக் கேட்டுப் பெட்ரோல் என்று நினைத்துவிடாதீர்கள். பெட்ரோல் 'பென்சீனா'.

முதல் நாள் பாரியிலிருந்து நேரே மத்தேரா போகாதே. வழியில் ஆல்த்தமூரா இருக்கிறது, ரொட்டிக்குப் பேர்போன ஊர். ரவை மாதிரி அரைக்கும் கெட்டிக் கோதுமையை இன்னொரு தடவை அரைத்து எடுத்த மாவு. நூறு கிலோ மாவுக்குப் புளித்த மாவு இருபது கிலோ, கடல் உப்பு இரண்டு கிலோ, தண்ணீர் அறுபது லிட்டர் என்று விதியே எழுதி வைத்திருக்கிறார்கள். மேல்தோல் மூன்று மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. அந்தத் தடித்த தோல்தான் உள்ளே ஈரத்தைக் காக்கிறது, ஒரு வாரம் தாங்கும். முழு ரொட்டி கிலோக்கணக்கில் இருக்கும். பாதியாக, கால்பங்காக வெட்டி எடை போட்டுத் தருவார்கள், கேட்கக் கூச்சப்படாதே. பக்கத்திலேயே கிராவினா. அங்கே பள்ளத்தாக்கின் குறுக்கே ஒரு பழைய கல்பாலம், நீர் கொண்டுபோன பாலம். பாலத்தைக் கடந்து எதிர்க்குன்றில் ஏறிப் பார்த்தால்தான் ஊர் பாறையோடு பாறையாக நிற்பது புரியும். மாலை வெயிலுக்குப் போ.

மத்தேராவைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், அதனால் எழுதாததை மட்டும் சொல்கிறேன். 'சாஸ்ஸி' என்கிற குகை வீடுகளில் இருந்த சுமார் 15,000 பேரை 1952 சட்டம் போட்டு வெளியேற்றினார்கள். 1993-இல் அதே இடம் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இப்போது அந்தக் குகைகளில் விடுதி நடக்கிறது. புக் செய்யும் முன் ஈரம் உறிஞ்சும் மெஷின் உண்டா என்று கேள். இல்லாவிட்டால் துவைத்த துணி காயாது, காலையில் மூக்கு அடைக்கும். சக்கரப் பெட்டி வேண்டாம், வழியெல்லாம் படி. சுண்ணாம்புக் கல் தேய்ந்து தேய்ந்து வழுவழுப்பாகி இருக்கும், தூறினால் சறுக்கும். ரப்பர் அடி பிடிமானமுள்ள ஷூ போடு.

வித்தோரியோ வெனெதோ சதுக்கத்தின் அடியில் ஒரு நீர்த்தொட்டி இருக்கிறது, 'பலொம்பாரோ லுங்கோ'. பல குகைகளை ஒன்றோடொன்று குடைந்து சேர்த்தது, தூண்கள்கூட அதே பாறைதான். கிட்டத்தட்ட ஐம்பது லட்சம் லிட்டர் கொள்ளும். 1991-இல்தான் மறுபடி கண்டுபிடித்தார்கள். உள்ளே போனதும் விளக்குப் படும் சுவரைத் தடவிப் பார்: ஓட்டுச்சில்லைப் பொடித்துச் சுண்ணாம்போடு குழைத்த பூச்சு, நம் ஊர்ச் சுர்க்கியேதான். தண்ணீர் நின்ற உயரம் கோடு கோடாகச் சுவரில் தெரியும். மழைநீர் ஊரெல்லாம் வழிந்து, கூரை வழியாக, பாறை வழியாக இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. நீ படித்த படிப்புக்கு இது பிடிக்கும். இரண்டாம் நாள் காலையில் போர்த்தா பிஸ்தோலாவிலிருந்து இறங்கித் தொங்குபாலத்தைக் கடந்து எதிர்ப்பக்க முர்ஜா மேட்டுக்கு நட. பாதை மழையில் ஆபத்து, காய்ந்திருந்தால் மட்டும்.

மூன்றாம் நாள் கிராக்கோ வழியாக அலியானோ. கிராக்கோ ஆளில்லாத ஊர். களிமண் மேட்டில் நின்ற ஊர், 1963-இல் நிலம் சரியத் தொடங்கியதும் ஜனங்களைக் கீழே பள்ளத்துக்குக் கொண்டுபோனார்கள். மீதி இருந்ததை 1980 நிலநடுக்கம் முடித்தது. வேலி போட்டிருக்கிறார்கள். டிக்கெட் வாங்கி, தலையில் ஹெல்மெட் மாட்டி, வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள். நேரத்தை முந்தின நாளே போன் செய்து உறுதி செய். வெளியே சாலை வளைவிலிருந்து படம் மட்டும் எடுக்கிறவர்கள் அதிகம். அதுவும் மோசமில்லை, மழை நாளில் அதுதான் கிடைக்கும்.

அலியானோவைச் சுற்றி மரமே இல்லாத வெள்ளைக் களிமண் மடிப்புகள், 'கலாங்கி' என்பார்கள். முசோலினி அரசு 1935-இல் தண்டனையாக ஊரைவிட்டு ஒதுக்கி வைத்த ஓவியரும் எழுத்தாளருமான கார்லோ லேவி இங்கேதான் இருந்தார். அவர் விருப்பப்படி இங்கேயே புதைத்தார்கள். ஊர் முனையில் நின்று பார்த்தாலே போதும், களிமண்ணில் இறங்காதே. ஈரத்தில் ஷூவின் அடியில் கிலோக்கணக்கில் ஒட்டும், மண்பாதையில் வண்டியும் நகராது.

காஸ்தெல்மெத்ஸானோவும் பியெத்ராபெர்தோசாவும் எதிரெதிரே பாறை முள்ளுகளுக்கு நடுவில் செருகின ஊர்கள். லுக்கானியா டொலமைட் என்று பெயர், ஆனால் பாறை மணற்கல்தான், வடக்கே உள்ள டொலமைட் மலை மாதிரி இருப்பதால் வந்த பெயர். இரண்டுக்கும் நடுவே கம்பியில் குப்புறப் படுத்துப் பறக்கும் 'தேவதைப் பறத்தல்' இருக்கிறது. ஒவ்வொரு கம்பியும் சுமார் 1,400 மீட்டர், வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர் வரை போகும். நீ ஆசைப்படுவாய், தெரியும். எடை பார்த்துத்தான் ஏற்றுவார்கள். காற்று அடித்தால் நிறுத்திவிடுவார்கள். கோடை முடிந்தால் எல்லா நாளும் நடக்காது. அதனால் அவர்களுடைய நாட்காட்டியை முதலில் பார்த்துவிட்டு, அந்த நாள் இங்கே விழுகிற மாதிரி மற்ற ஊர்களை அமை. போகவர இரண்டு கம்பி, நடுவில் அடுத்த ஏறுமிடத்துக்குப் போகணும், அரை நாள் போய்விடும். பறக்க முடியாவிட்டாலும் 'ஏழு கல் பாதை' இருக்கிறது. சுமார் இரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் ஓடை வரை இறங்கி எதிர்ப்பக்கம் ஏறணும். பியெத்ராபெர்தோசாவிலிருந்து தொடங்கினால் ஏற்றம் குறைவு.

அங்கிருந்து தெற்கே பொல்லினோ தேசியப் பூங்கா. போகும் வழியில் ஏ2 நெடுஞ்சாலைக்குச் சுங்கம் கிடையாது. ரொத்தோந்தா ஊரில் மதிய உணவுக்கு நிறுத்தி, தக்காளி மாதிரியே சிவந்த உருண்டைக் கத்தரிக்காய் கேள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இனம், லேசாகக் கசக்கும், எண்ணெயில் ஊறவைத்துப் போடுவார்கள். பிறகு பியானோ ருஜ்ஜோ புல்வெளி வரை வண்டி போகும். அங்கிருந்து மால்வெந்தோ காட்சிமுனைக்கு எளிய நடை. பாறை விளிம்பில் நிற்கும் பைன் மரங்களின் பட்டையைப் பார்: தகடு தகடாக, கவசம் போட்டது போல. 'லோரிகாத்தோ' என்ற பெயரே ரோமானியச் சிப்பாயின் கவசத்திலிருந்து வந்தது. இதே பூங்காவில் 1,230 வருஷம் என்று கணக்கிட்ட மரம் ஒன்று உண்டு. மதியம் இரண்டுக்குள் இறங்கிவிடு, மூடுபனி வந்தால் வளைவே தெரியாது.

சிவிதா அர்பரேஷ் ஊர். பதினைந்தாம் நூற்றாண்டில் அல்பேனியாவிலிருந்து வந்தவர்களின் வம்சம், இன்னும் வீட்டில் அந்த மொழிதான். தெருப் பலகைகளிலும் இரண்டு மொழி. ஊருக்குக் கீழே ரகனெல்லோ பள்ளத்தாக்கு, அதன்மேல் பிசாசுப் பாலம். பாலத்தோடு நில். தண்ணீருக்குள் இறங்காதே, வழிகாட்டி இல்லாமல் நிச்சயமாக இறங்காதே. 2018 ஆகஸ்ட் 20 அன்று மேலே மலையில் பெய்த மழை, இடுக்கான பாறைச் சந்தில் சுவர் மாதிரி வந்து பத்துப் பேரைக் கொண்டுபோனது. நீ நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே என்ன பெய்கிறது என்று தெரியாது. இதில் மாப்பிள்ளை பேச்சையும் கேட்காதே, என் பேச்சைக் கேள்.

திரும்பும்போது கடலோரச் சாலை. சிபாரியில் கிரேக்கர் கட்டிய சிபாரிஸ் நகரம், கி.மு. 510-இல் பகைவர் அழித்தது. கிராத்தி ஆற்றையே திருப்பிவிட்டு மூழ்கடித்தார்கள் என்று சொல்வார்கள். 2013 ஜனவரியில் அதே ஆறு கரை உடைத்து அகழ்வாய்விடத்தைச் சேற்றால் மூடியது. அப்புறம் மெத்தபோந்தோவில் ஹேரா கோயில், 15 தூண் நிற்கிறது, அரை மணி போதும். எஸ்எஸ்106 சாலை விபத்துக்குப் பேர்போனது, எதிரே முந்திக்கொண்டு வருவார்கள். இருட்டில் ஓட்ட வேண்டாம்.

சாப்பாடு. நீ சைவம், அந்த ஊர் உனக்கு ஒத்துவரும், ஆனால் ஏமாறும் இடங்கள் உண்டு. காதுமடல் பாஸ்தாவைக் கீரையோடு தருவார்கள், பார்க்கச் சைவம், எண்ணெயில் நெத்திலி கரைந்திருக்கும். 'சென்ட்ஸா அச்சூகே' என்று சொல்லிவிடு. காய்ந்த பட்டாணிக் கடைசல் மாதிரி இருக்கும் 'ஃபாவே எ சிக்கோரியே', கொண்டைக்கடலை போட்ட 'லாகானே எ செச்சி' இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம், பன்றிக்கொழுப்பு போட்டிருக்கிறதா என்று மட்டும் ஒரு வார்த்தை. ராத்திரி எட்டுக்கு முன் அடுப்பே மூட்ட மாட்டார்கள். மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை கடை சாத்திவிடுவார்கள், பழமும் ரொட்டியும் வண்டியில் இருக்கட்டும். பில்லில் 'கோபெர்த்தோ' என்று ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ வந்தால் சண்டை போடாதே, அது மேஜைக் கட்டணம்.

வரும்போது செனீசே மிளகாய் ஒரு சரம் வாங்கி வா. காரமே இருக்காது, சதை மெல்லியது, அதனால்தான் கெடாமல் காய்கிறது. வறுப்பது நம் மோர்மிளகாய் மாதிரி இல்லை. கழுவாதே, துணியால் துடை, காம்பும் விதையும் எடு. எண்ணெய் காய்ந்திருக்கணும், புகையக்கூடாது. போட்டு மூன்று நான்கு விநாடியில் உப்பிவரும், உடனே எடுத்துவிடு. எடுக்கும்போது மெத்தென்றிருக்கும், ஆறினால்தான் மொறுமொறுக்கும். கடாயிலேயே மொறுமொறுப்பு வரட்டும் என்று காத்தால் கறுத்துக் கசந்துவிடும். ஆறியும் மெத்தென்றே இருந்தால் எண்ணெய் காயவில்லை. சூடாக இருக்கும்போதே உப்பு தூவு. நம் ஊர் ஈரத்தில் நமுத்துவிடும், டப்பாவில் போட்டு மூடு.

பட்டியலை மாற்றும் முன் போஸித்தானோ விடுதியை இலவசமாக ரத்து செய்யக் கடைசித் தேதி எது என்று பார்த்துச் சொல்.

அம்மா