வாலில் 'ஐ' இருந்தால் வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலையேறுகிறவர்களுக்கான கையடக்க ஜிபிஎஸ் கருவிகளைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். விலை, எடை, திரையின் அளவு எல்லாம் பிரமாதமாகப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் 'இருப்பதிலேயே சிறந்தது' என்று பெரிய படத்தோடு நீங்கள் சிபாரிசு செய்திருக்கும் கருவியை ஒருவர் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனால் வழக்குதான் மிஞ்சும். அதை ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டாமா?

கார்மின் கம்பெனியில் ஜிபிஎஸ்மேப் 67 என்று ஒரு மாடல். அதே உருவில், பெயரின் வாலில் 'ஐ' என்ற ஆங்கில எழுத்தை (i) சேர்த்து இன்னொரு மாடல், 67 ஐ. நீங்கள் சிபாரிசு செய்தது இதைத்தான். முதலாவதைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதில்தான் வம்பு. அதில் இன்ரீச் என்ற வசதி உண்டு. இரிடியம் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும், ஆபத்துக்கு அழுத்த எஸ்ஓஎஸ் பொத்தானும் இருக்கும். சாதாரண ஜிபிஎஸ் என்பது ரேடியோ பெட்டி மாதிரி, செயற்கைக்கோளிலிருந்து வருவதைக் கேட்கும், அதோடு சரி. 'ஐ' திருப்பிப் பேசும். செயற்கைக்கோளோடு அப்படிப் பேசும் கருவியைத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் நம் நாட்டில் வைத்திருக்கக் கூடாது. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தையும் 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தையும் காட்டித்தான் பிடித்து வந்திருக்கிறார்கள். 2008 மும்பைத் தாக்குதலில் வந்தவர்கள் கையில் செயற்கைக்கோள் போன் இருந்த பிறகு கெடுபிடி கூடிவிட்டது. 2024 டிசம்பரில் கனடாவிலிருந்து வந்திருந்த ஓட்டக்காரப் பெண் ஒருவர், பையில் இன்ரீச் வைத்திருந்ததற்காகக் கோவா விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டார்.

உயிர் காக்கும் பொத்தானுக்கு உரிமம் வாங்க சாதாரண ஆளுக்கு ஒரு எளிய வழி வேண்டும் என்று நீங்கள் தலையங்கமே எழுதலாம், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சட்டம் இன்றைக்கு இப்படித்தான் இருக்கிறது.

சரி, வேறு எதைத்தான் வாங்குவது? சங்கிலி, தியோடலைட் என்று காலம் தள்ளிய சர்வேயர் நான். போடியிலிருந்து குரங்கணிப் பக்கம் வனத்துறை அனுமதியோடு நடக்கிற ஒரு குழுவில் இருக்கிறேன். ஒரு நாள் நடைக்கு, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்த செல்போனே போதும். இரவு தங்குவதாக இருந்தால்தான் தனிக் கருவி. அப்போதும் திரையைப் பார்த்து மயங்காதீர்கள். மேகம் இறங்கி விரல் நனைந்துவிட்டால் தொடுதிரை சொன்ன பேச்சு கேட்காது. பொத்தான் வைத்ததாகப் பாருங்கள்.

கட்டுரையாளர் 'பழைய காலத்துப் பொருள்' என்று ஒதுக்கிய, அதே கார்மின் கம்பெனியின் ஈட்ரெக்ஸ் 22 எக்ஸ் எங்கள் குழுவில் இருக்கிறது. முதுகில் உள்ள வளையத்தைத் தூக்கித் திருகினால் மூடி கழன்றுவிடும். உள்ளே சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற அதே பென்சில் செல் இரண்டு. 25 மணி நேரம் வரும் என்பது கம்பெனிக் கணக்கு. தீர்ந்தால் பெட்டிக்கடையில் கிடைக்கும், சார்ஜருக்கு எங்கே போவது? சார்ஜ் ஏற்றும் செல்லைப் போட்டால் மட்டும் மெனுவில் செல் வகையை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் மீதி எவ்வளவு என்று தப்பாகக் காட்டும்.

அதற்கும் அதன் அண்ணனான ஈட்ரெக்ஸ் 32 எக்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்டுரை 'சில கூடுதல் சென்சார்கள்' என்று தாண்டிப் போய்விட்டது. விஷயமே அங்கேதான். 22 எக்ஸில் மின்னணு திசைகாட்டி கிடையாது. நடந்தால்தான் எந்தப் பக்கம் போகிறோம் என்று அதற்குத் தெரியும். பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில், மூடுபனியில், நாம் நின்றுகொண்டுதானே யோசிப்போம்? அப்போது அம்புக்குறியை நம்ப முடியாது. 32 எக்ஸ் நின்ற இடத்திலேயே திசை சொல்லும். கூடுதல் காசு அதற்குத்தான். சோலைக்காட்டின் அடர்ந்த மரத்தடியில் அதிகம் நடப்பவர்கள், மரம் மறைத்தாலும் இடத்தை நன்றாகப் பிடிக்க செயற்கைக்கோளிடமிருந்து இரண்டு அலைவரிசை வாங்குகிற ஜிபிஎஸ்மேப் 65 எஸ் பார்க்கலாம். அதுவும் பென்சில் செல்தான்.

பழைய டோப்போ ஷீட்டை (மேடு பள்ளம் காட்டும் சர்வே வரைபடத் தாளை) வைத்துக்கொண்டு நடப்பவர்களுக்கு ஒன்று. அவை பூமியின் வடிவத்துக்கு 'எவரெஸ்ட்' என்ற பழைய கணக்கை வைத்து வரைந்தவை, ஜிபிஎஸ் தருவதோ டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு கணக்கு. கருவி சொல்லும் அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே அந்தத் தாளில் குறித்தால் நம் பக்கத்தில் ஏறக்குறைய 200 மீட்டர் தள்ளி நிற்கும். மலையில் அது ஓடைக்கு அந்தக் கரையாகக்கூட இருக்கலாம். செட்டிங்கில் 'மேப் டேட்டம்' என்ற இடத்தில், 'இந்தியன்' என்று தொடங்குவதில் நம் நாட்டுக்குப் பொருந்துவதற்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

'ஐ' பற்றிய திருத்தத்தை அதே இணைப்பில், கண்ணில் படுகிற மாதிரி போடுங்கள். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளிடம் "வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வா" என்று சொல்லி வைத்திருப்பவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். கோடை விடுமுறைக்கு அவர்கள் பெட்டி கட்டுவதற்குள் வந்தால் நல்லது. அங்கே வாங்கும் கருவியில் வட அமெரிக்க வரைபடம்தான் இருக்கும் என்பதையும் சேர்த்துப் போட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சர்வேயர்,
போடிநாயக்கனூர்.